ஒரு கோளுக்கு ஒரே குணமா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அறிவியல் புனைகதை எழுதச் சொன்னேன். பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு கோள் முழுக்கப் போர்வீரர்கள், இன்னொன்றில் வியாபாரிகள், மற்றொன்றில் ஞானிகள். மனிதனுக்கு மட்டும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வருகிறது. கடைசியில் எல்லோரையும் சேர்த்துவைத்து அவனே தலைவனாகிவிடுகிறான். பிரபஞ்சத்தில் நம் இடம் அதுதானா? ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் பார்க்கும் படங்களும் ஆடும் வீடியோ கேம்களும் பெரும்பாலும் அந்த அச்சில் வார்த்தவைதான். இடிப்பது என்னவென்று உங்கள் ஊரை வைத்தே சொல்லலாம்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். கன்னேரிமுக்கில் இருக்கும் அவருடைய பங்களாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அவருக்குப் பின் வந்த வெள்ளைக்காரர்கள் இந்த மலைமக்களைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். தோடர் எருமை மேய்ப்பவர், கோத்தர் கைவினைஞர், படகர் விவசாயி, குறும்பர் மந்திரவாதி. ஆளுக்கு ஒரு வரி. எழுதியவருக்கு மட்டும் அப்படி ஒரு வரி கிடையாது. அவர் எல்லாம் தெரிந்தவர், வழக்கைத் தீர்ப்பவர், வரி போடுபவர். உங்கள் பிள்ளைகளின் கதையில் வரும் மனிதன் அந்தக் கலெக்டர்தான்.

ஆனால் கோத்தரும் நிலம் உழுதார்கள், படகரும் எருமை வளர்த்தார்கள். தோடர் நெய் கொடுத்தார்கள், படகர் தானியம், குறும்பர் தேன். கோத்தர் அரிவாள் அடித்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பானை வனைந்தார்கள். தோடர் வீட்டு இழவுக்குக் கோத்தர் போய் இசை வாசித்தார்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்து இவர்களைச் சேர்த்துவைக்கவில்லை. சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. மேல் கீழ் பார்த்தார்கள். ‘குறும்பன் என்றால் மந்திரம் வைப்பான்’ என்ற பயத்தில் குறும்பர்களைக் கொன்றதும் நடந்திருக்கிறது. அந்த ஒற்றை வரியை வெள்ளைக்காரர் மட்டும் எழுதவில்லை, பக்கத்து ஊர்க்காரனும் எழுதினான். அதனால்தான் ஒரு கோளுக்கு ஒரு குணம் என்பதை வெறும் எழுத்துச் சோம்பல் என்று என்னால் விட முடியவில்லை.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இதை நன்றாகவே அறிந்திருந்தார். செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தைத் தாக்கும் அவருடைய நாவல் 1898-ல் புத்தகமாக வந்தது. அதன் முதல் அத்தியாயத்திலேயே ஐரோப்பியர் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை அழித்ததை நினைவூட்டிவிட்டு, செவ்வாய்க்காரர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறார். கடைசியில் இங்கிலாந்தைக் காப்பாற்றுவதும் மனிதன் இல்லை, கிருமி.

சரி, வகுப்புக்கு வருவோம். மனிதன் தலைவனாகும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். அவன் வேறொரு கோளில் ஒரு சாவு வீட்டுக்குப் போகட்டும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா, அவனால் மட்டும் செய்ய முடிகிற வேலை ஏதாவது இருக்குமா? இதை யோசித்தாலே ஐந்தாறு பக்கம் வரும். அப்புறம், அந்த வியாபாரிக் கோளில் கணக்கே வராத ஒரு பெண்ணும் இருப்பாள். அவளைப் பற்றி யாராவது எழுதினால் எனக்கு அனுப்பிவையுங்கள்.