ஊருணி தூர்வாரும் வேலை ஊராருக்கே கிடைக்க என்ன வழி?

கேள்வி: கல்லல் ஒன்றியத்தில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன், முன்னாள் வார்டு உறுப்பினர். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே உள்ள எங்கள் ஊருணி தூர்ந்துபோய், படித்துறையும் சரிந்து கிடக்கிறது. சென்னையில் இருக்கும் எங்கள் ஊர் நகரத்தார் சிலர் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். ஜேசிபியை இறக்கினால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர் ஒருவர். ஊரில் 100 நாள் வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் 60 இருக்கின்றன. சென்ற ஆண்டு அவர்களுக்குக் கிடைத்த நாள்கள் மிகக் குறைவு. கொத்தனார்களோ வேலை தேடி வெளியூர் போகிறார்கள். இந்தப் பணியை ஊராருக்கே கிடைக்கும்படி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஒப்பந்தக்காரர் வண்டியை இறக்கிய பிறகு முடியாது. ஒரு பொதுப்பணி எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை தரும் என்பது, பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், மதிப்பீடு எழுதப்படும் மேசையில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. பேவர் பிளாக் பதிக்கவோ, கான்கிரீட் சாலை போடவோ 10 லட்சம் ஒதுக்கினால், அதில் பெரும்பகுதி சிமென்ட் ஆலைக்கும் ஜல்லிக் குவாரிக்கும் போய்விடும். கூலிக்கு நிற்பது 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சராசரியாக நாளொன்றுக்கு 750 ரூபாய் என்று போட்டால், கிடைப்பது 200 மனித நாள். அதுவும் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆட்களுக்கு. மண் வேலையின் கணக்கு வேறு. உங்கள் ஊருணி 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் என்றும், முக்கால் மீட்டர் ஆழத்துக்கு வண்டல் படிந்திருக்கிறது என்றும் கொண்டால், எடுக்க வேண்டியது 2,250 கன மீட்டர். ஆளுக்கு ஒரு நாளில் ஒரு கன மீட்டர் என்றால் 2,250 மனித நாள், அதாவது 60 குடும்பங்களுக்கும் தலா 37 நாள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் 7,56,000 ரூபாய் ஊருக்குள்ளேயே தங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஏழரை லட்சத்தை நன்கொடையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. மண் வேலையை 100 நாள் வேலை எனப்படும் வேலை உறுதித் திட்டத்திலும், கல் வேலையை நன்கொடையிலும் என்று பணியை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே என் யோசனை. பிரிக்காமல் முழுவதையும் ஒரே பொட்டலமாக ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தால், அரசுக் கூலியாக வரக்கூடிய பணம் வராமலே போகும். நன்கொடையும் டீசலாகப் புகைந்துவிடும்.

முதலில் ஊருணி யாருடையது என்று பாருங்கள். செட்டிநாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்கிய பணிகள் பாதியில் நின்றதுண்டு, ஏனெனில் இங்குள்ள ஊருணிகளில் சில ஊராட்சிப் பொறுப்பில் இருக்கின்றன, சில கோயிலுக்கு உரியவை, சில குடும்பத்தார் பெயரில் பட்டாவாகவே இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் புல எண்ணுக்கான 'அ' பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்குங்கள். அரசுப் புறம்போக்கு, ஊருணி என்று இருந்தால் வழி நேராக இருக்கிறது. பட்டா நிலமாக இருந்தால் பொதுப்பணமும் வேலை உறுதித் திட்டக் கூலியும் அதற்குள் இறங்குவது கடினம். ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் புல எண்கள் வழியாக வருகிறது என்பதையும் அதே படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலைச் சேர்க்காத தூர்வாரல், அடைத்த குழாயின் கீழே புதுக்குடம் வைப்பது போன்றது. கால்வாய் சீரமைப்பும் அனுமதிக்கப்பட்ட மண் வேலையே என்பதால், அதைச் சேர்க்கும்போது வேலை நாள்களும் கூடும். அந்தக் கால் ஏதேனும் கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கிலிருந்து வருகிறதென்றால், கண்மாயின் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்டதா என்று கேளுங்கள். மேற்பட்டதை நீர்வளத் துறையும், குறைந்ததை ஊராட்சி ஒன்றியமும் பார்க்கின்றன. யாரிடம் மனுக் கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

அடுத்தது கிராம சபை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபையின் அதிகாரம் போய்விடுவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூட வேண்டும். அடுத்த நிதியாண்டுக்கான பணிகளின் தொகுப்பு உருவாகும் காலத்தில் வருவது அக்டோபர் 2 கூட்டம். அதில் உங்கள் ஊருணியும் வரத்துக்காலும் புல எண்ணோடு தீர்மானத்தில் ஏற வேண்டும். 'நீர்நிலைகள் தூர்வாரப்பட வேண்டும்' என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தைக் கொண்டு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட மாட்டார்.

இனி மதிப்பீடு. வேலை நாளும் கூலியும் நிச்சயமாவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 100 நாள் வேலையில் கூலி வருகையைப் பார்த்து மட்டும் போடப்படுவதில்லை, வெட்டிய மண்ணின் அளவைப் பார்த்துப் போடப்படுகிறது. அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாயாக இருந்தும் கைக்குக் குறைவாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு நாளில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது மண்ணின் வகையையும், அதைத் தூக்கிச் செல்லும் தூரத்தையும், ஏற்றும் உயரத்தையும் பொறுத்தது. காரைக்குடி, கல்லல் பக்கத்துச் செம்புராங்கல் கலந்த மண் ஐப்பசியில் மண்வெட்டிக்கு இளகிக் கொடுக்கும். சித்திரையில் கடப்பாரைக்கும் அசையாது. ஐப்பசியில் வந்து பார்த்த பொறியாளர் 'இளமண்' என்று எழுதிவிட்டு, வேலை சித்திரையில் நடந்தால், நாள் முழுதும் உழைத்த பெண்ணுக்குப் பாதிக் கூலிதான் அளவில் நிற்கும். பிறகு அவரைச் சோம்பேறி என்று ஊர் பேசும். ஆகவே வேலை நடக்கப்போகும் பருவத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் சோதனைக் குழி வெட்டச் சொல்லி, மண் வகையை உங்கள் முன்னிலையில் எழுதச் சொல்லுங்கள். வெட்டிய மண் கரைக்குப் போகிறதா, 100 மீட்டர் தள்ளியுள்ள பள்ளத்துக்குப் போகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இயந்திரம் பற்றி ஒப்பந்தக்காரர் சொல்வது பணச்செலவில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேலை உறுதித் திட்டத்தில் ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை. ஆள்வேலையைப் பறிக்கும் இயந்திரத்துக்கும் இடமில்லை. மண்ணை இறுக்கும் ரோலர் போன்று ஆளால் செய்ய இயலாதவற்றுக்கே விலக்கு. இதில் வேலைவாய்ப்பைத் தாண்டி ஒரு காரணமும் இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் ஓர் ஊரில், ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று நினைத்து, இரவோடு இரவாக இயந்திரத்தை விட்டு ஊருணியை வெட்டினார்கள். அடியில் இருந்த களிமண் படிவம் அறுந்து, கீழேயிருந்த சரளை வெளியே வந்தது. நல்ல மழை பெய்தும் தைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. களிமண் கொண்டுவந்து கொட்டி மிதித்த பிறகுதான் மீண்டும் நீர் நின்றது. மண்வெட்டி பிடித்தவருக்கு மண்ணின் நிறம் மாறுவது தெரியும். மூன்றாள் உயரத்தில் இருந்து நெம்புகோலைத் தள்ளுபவருக்குத் தெரியாது.

கொத்தனார்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலை உறுதித் திட்டத்தில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் உண்டு. கொத்தனார் போன்ற கைத்தொழிலாளரின் கூலி அந்த 40க்குள் அடங்கும். இவ்விகிதம் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக அல்ல, பல பணிகளுக்கும் சேர்த்துப் பார்க்கப்படுவது. ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் இந்த 40ஐக் கான்கிரீட் சாலைகளுக்கே செலவழித்துவிட விரும்புவதால், உங்கள் படித்துறைக்கு அதிலிருந்து எதிர்பார்ப்பது வீண். அதற்குத்தான் நன்கொடை.

நன்கொடைப் பணத்தை நேரடியாகச் செலவிடாமல், 'நமக்கு நாமே' திட்டத்தின்வழி மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுசெல்லச் சொல்வேன். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால், எஞ்சியதை அரசு சேர்க்கும். மக்கள் பங்கு பாதியும் அதற்கு மேலும் இருந்தால், ஒப்பந்தப்புள்ளி கோராமல், பணம் தந்தவர்களே பணியைச் செய்யவோ, தாங்கள் குறிப்பிடும் முகமை வழியாகச் செய்யவோ இடமுண்டு. இந்த வேறுபாடுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி. 10 லட்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் காட்டினால் 30 லட்ச ரூபாய்ப் பணி கிடைக்கும், ஆனால் அது ஒப்பந்தப்புள்ளிக்குப் போகும். குறைந்த விலை கேட்டவர் தன் ஆட்களோடு வருவார். பாதியாகக் காட்டினால் பணி 20 லட்சத்துக்குச் சுருங்கும், ஆனால் யாரை வேலைக்கு வைப்பது என்பது ஊரின் கையில் இருக்கும். நகரத்தாருக்குத் தொகை பெரிதாகத் தெரிவது பிடிக்கும், அது இயல்பே. இருந்தும் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். படித்துறையையும் தடுப்புச் சுவரையும் கான்கிரீட்டாக வார்க்காமல் கல் கட்டடமாகவும் கல் பதிப்பாகவும் மதிப்பிட்டால், கூலியின் பங்கு ஏறும். மூன்றில் ஒரு பங்கு கூலி என்று வைத்தாலே ஆறரை லட்சம் ரூபாய். சுண்ணாம்புக் காரையும் கல்லும் கையாளத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களோடு இரண்டு இளைஞர்களைச் சித்தாளாகச் சேர்த்துவிட்டால் தொழிலும் கை மாறும்.

நன்கொடையாளர்கள் காலதாமதத்துக்கு அஞ்சுவார்கள். 60 பேர் நாள்தோறும் வந்தால் 2,250 மனித நாள் என்பது ஏறத்தாழ ஆறு வாரம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஒருபோகப் பூமி நம்முடையது. பங்குனியில் தொடங்கினால் வயல் வேலை இல்லாத காலத்தில் மண் வேலை நடந்து, ஆடிக்குள் கல் வேலைக்கு இடம் தயாராகிவிடும். எடுக்கும் வண்டலை வயலுக்கு இலவசமாகக் கொண்டுபோக வட்டாட்சியரிடம் விவசாயிகள் அனுமதி பெறலாம்; அதனால் மண்ணைக் குவிக்க இடம் தேடும் சிக்கலும் குறையும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் முதலில் தொடங்கியபோதே சிவகங்கை அதில் இருந்தது. ஆகவே உங்கள் ஊரார் இதன் நடைமுறைக்குப் புதியவர்கள் அல்லர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்குகிறது; செலவில் மாநிலத்தின் பங்கை 40 சதவீதமாக உயர்த்துகிறது; விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடமளிக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் உள்ளது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்லும் விகிதங்களும் கால அளவுகளும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை.

அந்தச் சட்டப்படி வேலை கேட்டு எழுதிக் கொடுத்தவருக்கு 15 நாளில் வேலை தர வேண்டும். தவறினால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் பாதிக்குக் குறையாமலும் மாநில அரசு வேலையின்மைப் படி தர வேண்டும். இந்தப் படி அரிதாகவே வழங்கப்படுவதற்குக் காரணம், தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு யார் கையிலும் இல்லாமையே. 60 குடும்பங்களும் ஒரே நாளில் தனித்தனியாக விண்ணப்பித்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள், 2024 ஜனவரியிலிருந்து கூலி அவ்வழியேதான் வருகிறது.

கோட்டையூர், கண்டனூர்ப் பக்கம் உறவினர் இருந்து அவர்களும் இதைக் கேட்டால், அவை முன்பே பேரூராட்சிகள், இப்போது காரைக்குடி மாநகராட்சியோடும் இணைந்துவிட்டன, ஆகவே அங்கே இந்த ஊரகத் திட்டம் பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள். நகர்ப்புறத்துக்கென 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டம் தேர்ந்தெடுத்த இடங்களில் சோதனை முறையில் நடத்தப்பட்டது. சட்ட உறுதி அதற்கு இல்லை.

வேலை தொடங்கியபின் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வெட்டுமிடத்தில் பழைய தரைமட்டம் தெரியும்படி ஆங்காங்கே மண் திட்டுகளை வெட்டாமல் விடுவார்கள். ஆழத்தை அளப்பது அவற்றைக் கொண்டுதான். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்றோ, யாராவது வற்புறுத்தினார்களென்றோ, மேற்பார்வையாளர் வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதும்வரை அவற்றைக் கரைக்க விடாதீர்கள். அளக்கும் நாளில் வேலை செய்தவர்களில் இருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.