கேம்பர் டிரெய்லரின் பின்னால் சைக்கிள் கட்டலாமா?

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, பழைய கேம்பர் டிரெய்லர் (மடிப்புக் கூடாரம் வைத்த இழுவை வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு பிரைட் ஊருக்குப் போய், அங்கே பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய ரெயில் டிரெயிலில் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டலாம் என்று திட்டம். நாலு சைக்கிள், அதில் மனைவியுடையது இ-பைக். டிரெய்லரின் பின் பம்பரில் ஒரு ரேக்கை வெல்ட் பண்ணிவிட்டால் முடிந்தது என்கிறார் நண்பர். செய்யலாமா?"

வேண்டாம். நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சைக்கிள்களை வைக்க இருக்கிற இடங்களிலேயே மோசமான இடம் அதுதான்.

ஊரில் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டை நடக்கவிடாது. முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர்கள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். ஒற்றை அச்சு கேம்பர் டிரெய்லரும் அப்படித்தான், மாட்டுக்குப் பதில் கார். காரின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இரும்புக் குண்டான டோ பால் மேல் டிரெய்லர் அழுத்தும் எடைதான் முன்பாரம். ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் டோ பாலில் இருக்க வேண்டும் என்பது.

இவரிடம் சில எண்களைக் கேட்டு வாங்கினேன். சாமான்களோடு டிரெய்லர் 1,300 கிலோ, அனுமதித்த உச்ச எடை 1,500. டோ பாலில் 120 கிலோ. டோ பாலிலிருந்து அச்சு வரை 3.2 மீட்டர், அச்சிலிருந்து பின் பம்பர் ரேக் வரும் இடம் 2 மீட்டர். நாலு சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 2 மீட்டரில் தொங்கும் 80 கிலோ, முன்னால் 3.2 மீட்டர் தள்ளியிருக்கும் டோ பாலிலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடும். அதாவது 80ஐ 2ஆல் பெருக்கி 3.2ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். மீதி 70 கிலோ. மொத்தம் 1,380 கிலோ ஆகிவிட்ட டிரெய்லருக்கு அது வெறும் 5 சதவீதம்.

இது வீட்டு வாசலில் தெரியாது, குவீன் ஸ்ட்ரீட்டில் ஊர்ந்து போகும்போதும் தெரியாது. ஹியூம் ஃப்ரீவேயில் 110 வேகப் பலகை வந்து, பக்கத்தில் ஒரு பெரிய லாரி காற்றைத் தள்ளிக்கொண்டு முந்தும்போது தெரியும். டிரெய்லரின் வால் ஒருமுறை இடது பக்கம் ஆடும், அப்புறம் வலது பக்கம், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக. முன்பாரம் குறைந்திருப்பது ஒரு காரணம். எடை அச்சிலிருந்து வெகு தூரத்தில், வால் நுனியில் இருப்பது இன்னொன்று. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவது போல, ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். எப்போதாவது அப்படி ஆடினால் பிரேக்கைப் போட்டு மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரைக் கையால் லேசாக அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வையுங்கள்.

அடுத்து, அந்த பம்பரே. பல கேம்பர்களில் பின் பம்பர் என்பது அழகுக்கும் பின்விளக்கைப் பிடிக்கவும் வைத்த மெல்லிய சதுரக் குழாய். ரோட்டில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் அச்சுக்கு மேலே இருக்கும் சாமான் ஒரு பங்கு குதிக்கும், வாலில் இருப்பது அதைவிட அதிகம் குதிக்கும். நிற்கும்போது 80 கிலோவாக இருப்பது ஒவ்வொரு குதிப்பிலும் பல மடங்காகி இழுக்கும். சில வருடங்களுக்கு முன் எனக்கே நடந்தது. அலை அலையாக இறுகிப்போன கிராவல் ரோட்டில் 40 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், என் ரேக்கின் வெல்டிங் ஓரத்தில் பெயின்டுக்கு அடியில் முடி மாதிரி ஒரு கோடு. நகத்தை வைத்தால் மாட்டியது. அன்று ரேக்கைக் கழற்றி, சைக்கிள்களைக் கேம்பருக்குள் அடுக்கிக்கொண்டு வீடு வந்தேன். ரேக் செய்கிற கம்பெனிகள் பலவும் தங்கள் சாதாரண ரேக்கை டிரெய்லரில் மாட்டக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதுவது இதற்காகத்தான். போதாக்குறைக்கு, பின்னால் சைக்கிள் வந்தால் டிரெய்லரின் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையும். அதற்குத் தனியாக அபராதம் உண்டு.

இவர் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது, அதை நான் கேட்டேன்: உங்கள் கேம்பர் எந்தப் பக்கம் திறக்கும்? பின்னால் விரியும் என்றார். அதாவது மூடி பின்புறமாகப் புரண்டு, அதுவே தரையாகும் வகை. பின் பம்பரில் ரேக்கை வெல்ட் பண்ணியிருந்தால் பிரைட்டில் போய் இறங்கியதும் கூடாரத்தையே விரிக்க முடிந்திருக்காது. முன்னால் விரியும் கேம்பர் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை டிராபாரில், அதாவது டிரெய்லரைக் காரோடு இணைக்கும் முன்பக்கச் சட்டத்தில் வரும், அங்கே ரேக் வைத்தால் மூடி அதன் மேல் வந்து இடிக்கும். எதை வாங்குவதற்கு முன்னும் காலி மைதானத்தில் கேம்பரை ஒருமுறை முழுதாக விரித்துப் பார்த்து, எது எங்கே வந்து விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியென்றால் நாலையும் டிராபாரில் ஏற்றிவிடலாமா? டிராபார் ரேக் நல்ல பொருள்தான். ஓட்டும்போது சைக்கிள் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் அதே கணக்கு இப்போது தலைகீழாக வரும். ரேக் அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால் என்றால், 80 கிலோவில் 60 கிலோ டோ பாலுக்குப் போகும். 120 கிலோ 180 ஆகிவிடும். இவருடைய காருக்கு டோ பால் உச்ச அளவு 150. சிறிய கார்களில் இது 100 கிலோகூட இருக்காது, அதனால் காரின் கையேட்டையும் டோ பால் பொருந்தியிருக்கும் டோ பாரில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே, டோ பாருக்கு மேலே நிற்கும் ரேக்குகளும் விற்கிறார்கள். அதன் எடையும் டோ பார் தாங்கும் எடையிலிருந்துதான் கழியும். இவருக்கு அது உதவாது. பிள்ளைகளின் சைக்கிளைக் கேம்பருக்குள் மெத்தை மேல் படுக்க வைப்பவர்களும் உண்டு. இடம் அச்சுக்கு மேலேயே அமைவதால் எடைக் கணக்குக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் செயின் எண்ணெய் பட்ட மெத்தையில் அன்று ராத்திரி படுக்கப்போவது நீங்கள்தான்.

இவருக்கு நான் சொன்னது இதுதான். சைக்கிள்களைப் பிரித்து ஏற்றுங்கள். இவருடைய மவுன்டன் பைக் 14 கிலோ, பிள்ளைகளுடையவை 12, 10. மூன்றும் காரின் கூரைக்கு. 36 கிலோ சைக்கிள், மூன்று தாங்கிகள் 12 கிலோ, குறுக்குக் கம்பிகள் 6, ஆக 54. காரின் கூரை அளவு 75 என்று கையேட்டில் இருக்கிறது. கம்பியும் தாங்கியும் அந்த 75க்குள் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 23 கிலோ இ-பைக்கைத் தலைக்கு மேல் தூக்கி ஏற்ற வேண்டாம், முதுகு போய்விடும். அதன் பேட்டரியைக் கழற்றினால் 20 கிலோ. அதை மட்டும் டிராபாரில், ஒரே ஒரு சைக்கிளைச் சக்கரத்தோடு தாங்கும் 10 கிலோ ரேக்கில் வையுங்கள். டோ பாலில் 22 கிலோ போலக் கூடி 142 ஆகும். டிரெய்லரின் முன் பெட்டியில் கிடக்கும் 20 கிலோ டூல்ஸை எடுத்துக் காருக்குள் வைத்தால் அதில் 15 குறைந்து 127. மொத்தம் 1,310 கிலோ டிரெய்லருக்கு இது 10 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. டோ பாலில் உட்காரும் எடையைக் கார்தான் சுமக்கிறது, ஆகவே அது காரின் சுமை வரம்பிலும் சேரும். இவர் கார் 520 கிலோ ஏற்றலாம். ஆட்கள் நால்வரும் 230, டோ பால் 127, கூரை 54, டூல்ஸ் 20. கூட்டினால் 431. மிச்சம் 89 கிலோவுக்குள்தான் ஃப்ரிட்ஜ், பெட்டி, அரிசி, இ-பைக் பேட்டரி எல்லாம். அங்கிருந்து நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு திரும்பும் ஆசை இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் தந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் டிரெய்லரை நீங்களே நிறுத்துப் பாருங்கள். மொத்த எடைக்குப் பொது எடைமேடை. டோ பால் எடைக்குக் குளியலறைத் தராசு போதும், அது 150 கிலோவுக்கு மேல் காட்டுவதாக இருந்தால். சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். தராசின் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, டோ பாலைக் கவ்வும் கப்ளிங் சரியாக அதன் மேல் உட்காரும்படி செய்யுங்கள். அப்புறம் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலை மெதுவாகச் சுற்றித் தரையிலிருந்து தூக்குங்கள். முழு எடையும் கட்டைக்கு வந்ததும் முள் நிற்கிற இடம்தான் விடை. ஜாக்கி வீலையே தராசில் வைத்து அளந்தால் அது கப்ளிங்குக்குப் பின்னால் இருப்பதால் எண் கூடுதலாகக் காட்டும். காலைக் கட்டைக்கு அடியில் நீட்ட வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

டிராபாரில் இ-பைக்கை வைத்தபின் காலி பார்க்கிங்கில் ஒரு சோதனை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுங்கள், முதலில் இடது, அப்புறம் வலது. ஒருவர் வெளியே நின்று காரின் மூலைக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே ஒரு சாண் இடமாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். வீட்டு வாசல் சரிவு போன்ற இடத்திலும் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள், சரிவில் இடைவெளி குறையும். காரின் பின்கதவு முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுக்க வழி முழுக்கச் சைக்கிளை இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கட்டும்போது, கொக்கி வைத்த ரப்பர் கயிறை, இங்கே ஆக்கி ஸ்ட்ராப் என்கிறார்களே, அதை நம்பாதீர்கள். ஹேண்டில் பார் ஆடாமல் பிடித்துவைக்க அது போதும், சைக்கிளைத் தாங்காது. ரேக்கோடு வந்த பெல்ட்டும், பக்கிளால் இழுத்து இறுக்கும் துணி பெல்ட் ஒன்று கூடுதலாகவும் போதும். நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் என்றால் அளவாக இறுக்குங்கள், கார்பன் ஃப்ரேமில் அதைப் போடவே போடாதீர்கள். கூரையில் மூன்று சைக்கிளையும் ஒன்று முன்பார்த்து, அடுத்தது பின்பார்த்து என்று மாற்றி மாற்றி வைத்தால் ஹேண்டில்கள் மோதாது. ஒன்றின் பெடல் அடுத்ததன் ஸ்போக்கில் நுழையாமல் பழைய துணியைச் சுற்றுங்கள். பெல்ட்டுகள் முதல் ஒரு மணி நேரத்தில்தான் தளரும், வழியில் வாலன் ஊர் பெட்ரோல் பங்க்கில் காபிக்கு நிற்கும்போது ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

கூரையில் சைக்கிள் இருப்பதை மறந்து பெரியவர்களே போய் இடித்திருக்கிறார்கள். சைக்கிளோடு இவர் காரின் உயரம் 2.8 மீட்டர் வரும். நிலத்தடி பார்க்கிங்குகள் பல 2.1, 2.2 மீட்டர்தான். நான் இடித்தது அங்கேகூட இல்லை, என் சொந்த வீட்டு கார் ஷெட்டில், பத்து நாள் பயணம் முடித்து வாசல் வரை பத்திரமாக வந்தபிறகு. உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பிரைட் வரை தார் ரோடுதான். பக்கத்து ஊரான போரெபங்காவிலிருந்து பக்லேண்ட் பள்ளத்தாக்குக்குள் முகாமிடப் போனால் கிராவல் வரும். கார் டயர் எறியும் கல் டிராபார் சைக்கிளில் பட்டு, திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியையே உடைக்கும். வேகத்தைக் குறைத்து, கல் தடுப்பு வலை ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் சைக்கிள்களை மொத்தமாகத் தார்ப்பாய் போட்டு மூடலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். காற்றில் அது பாய்மரமாகி இழுக்கும், படபடவென்று அடித்து பெயின்டையும் தேய்க்கும். சீட்டுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். இ-பைக்கில் பேட்டரி கழற்றிய இடத்தின் மின்முனைகளை நன்றாக ஒட்டி மூடுங்கள். பேட்டரியை வெயில் படாத மாதிரி முன்சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.