இருபது பிரதி இருந்தும் பிளாஸ்மிட் ஏன் தொலைகிறது?

கேள்வி: முதுகலை உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஆம்பிசிலின் எதிர்ப்பு உள்ள ஒரு பெட் வெக்டரை (புரதம் செய்யப் பயன்படும் பிளாஸ்மிட், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக நகலாகும் டிஎன்ஏ வளையம்) பிஎல்21(டிஇ3) ரக ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்திருக்கிறேன். ஆன்டிபயாட்டிக் இல்லாமல் ஐந்து நாள், தினமும் ஆயிரத்துக்கு ஒரு பங்கு எடுத்துப் புது எல்பி ஊடகத்துக்கு மாற்றினேன். கடைசியில் பாதிக்கு மேற்பட்ட செல்களில் பிளாஸ்மிட் இல்லை. ஒன்றிரண்டு பிரதி மட்டுமே உள்ள எஃப் பிளாஸ்மிட் தொலையாமல் நிற்கிறதே, எப்படி? என்னுடையதை எப்படி நிறுத்துவது?

பதில்: ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளில் சுமார் பத்துத் தலைமுறை. ஐந்து நாளில் ஐம்பது. அதற்குள் பாதி போனது கொஞ்சம் அதிகம்தான்.

முதலில் கணக்கு. பிரியும் நேரத்தில் செல்லில் 20 பிளாஸ்மிட்கள் தனித்தனியே மிதக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இந்தச் சேய்செல்லிலோ அந்தச் சேய்செல்லிலோ விழும். இருபதும் ஒரே பக்கம் போய் மற்றது வெறுமையாவது சுமார் 5 லட்சம் பிரிதல்களில் ஒரு முறைதான். அதனால் பிரதி நிறைய உள்ள பிளாஸ்மிட்டுக்கு, பங்கிட்டுக் கொடுக்கத் தனி ஏற்பாடு தேவையில்லை.

ஆனால் அந்தக் கணக்கில் 'தனித்தனியே' என்ற சொல்தான் முக்கியம். பிஎல்21 ஒரு ரெக்ஏ (ஒத்த டிஎன்ஏக்களை மறுசேர்க்கும் புரதம்) உள்ள ரகம். அதில் ஒரே வரிசை கொண்ட இரண்டு வளையங்கள் மறுசேர்க்கையால் ஒட்டி ஒரே பெரிய வளையம் ஆகலாம். இரட்டை வளையத்தில் நகலெடுக்கத் தொடங்கும் இடமும் இரண்டு. ஆகவே அந்தச் செல்லின் வம்சத்தில் இரட்டைகளே பெருகிவிடும். 20 பிரதிகள் நான்கு நான்காக ஒட்டிக்கொண்டால் பங்கிட மிஞ்சுவது 5 பொட்டலம். 16 பிரிதல்களில் ஒன்றில் ஒரு சேய்செல் வெறுங்கையோடு போகும். ஜெல்லில் டிஎன்ஏ அளவு குறைந்ததாகவே தெரியாது, அதுதான் வேதனை.

இயற்கையில் உள்ள கோல்இ1 பிளாஸ்மிட்டில் இதற்கு மருந்து உண்டு. செர் என்ற தளத்தில் செல்லின் எக்ஸ்இஆர்சி, எக்ஸ்இஆர்டி நொதிகள் வந்து ஒட்டிய வளையங்களைப் பிரித்துவிடும். பிபிஆர்322 என்ற ஆய்வுக்கூடப் பிளாஸ்மிட்டில் அந்தத் தளம் இல்லை. உங்கள் பெட் வெக்டரின் நகலாக்கப் பகுதி அந்த வழியில் வந்ததுதான். தளத்தை விட்டுவிட்டு ஆம்பிசிலினை நம்பியது நாம்தான்; பாக்டீரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

எஃப், பி1, ஆர்1 போன்ற குறைந்த பிரதிப் பிளாஸ்மிட்களுக்குச் சீட்டுக் குலுக்கல் கட்டுப்படியாகாது. இரண்டே பிரதி என்றால் பாதிப் பிரிதல்களில் ஒரு சேய்செல்லுக்குக் கிடைக்காது. பி1-இல் பார்ஏ என்ற புரதம் பாக்டீரியாவின் குரோமோசோம் மீது புல் போலப் பரவியிருக்கும். பிளாஸ்மிட்டின் பார்எஸ் தளத்தில் ஒட்டிய பார்பி, தொட்ட இடத்துப் பார்ஏவை ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) சிதைய வைத்துக் கழற்றிவிடும். ஆடு மேய்வது மாதிரி: மேய்ந்த இடம் மொட்டை, ஆடு பச்சை தெரியும் பக்கம் நகரும். ஒரே வயலில் இரண்டு ஆடு இருந்தால் தானாக விலகிப்போகும். எஃப் பிளாஸ்மிட்டின் சாப் அமைப்பும் இதே வகை. ஆர்1-இன் வழி வேறு. ஆக்டின் போன்ற பார்எம் இழை இரண்டு பிளாஸ்மிட்களுக்கு நடுவே வளர்ந்து, கழி கொண்டு தள்ளுவதுபோல் அவற்றைச் செல்லின் இரு முனைக்கும் தள்ளும்.

இதையும் மீறித் தவறினால்? எஃப் பிளாஸ்மிட் சிசிடிபி என்ற நஞ்சையும் சிசிடிஏ என்ற முறிவையும் செய்கிறது. முறிவைச் செல்லின் லான் நொதி சீக்கிரம் அழித்துவிடும். பிளாஸ்மிட் வந்து சேராத சேய்செல்லில் புது முறிவு வராது. மிச்சமுள்ள நஞ்சு, டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் ஜைரேஸ் நொதியைப் பிடித்து முடக்கிவிடும். கறாராகச் சொன்னால் இது தொலைவதைத் தடுப்பதில்லை, தொலைத்தவனைத்தான் தீர்க்கிறது.

இனி உங்கள் ஆய்வுக்கூடம். ஆன்டிபயாட்டிக் இல்லாத தட்டில் பரப்பி, நூறு காலனிகளைப் பல்குச்சியால் ஆம்பிசிலின் தட்டில் தொட்டு வையுங்கள். தினமும் செய்தால் இழப்பு திடீரென்றா படிப்படியாகவா என்று தெரியும். வெக்டரில் வைத்த மரபணு, தூண்டாமலே கசிந்து வெளிப்படுவதும் ஒரு காரணமாகலாம். அந்தச் சுமை இல்லாத செல்கள் வேகமாக வளர்ந்து முந்திவிடும். அந்தக் கசிவை அடக்க 1 சதவீதக் குளுக்கோஸ் சேர்த்துப் பாருங்கள்.

ஆம்பிசிலின் சேர்த்தால் மட்டும் தப்பித்துவிட மாட்டீர்கள். எதிர்ப்பைத் தரும் பீட்டா லாக்டமேஸ் நொதி ஊடகத்துக்கு வெளியேறி மருந்தைச் சிதைத்துவிடும். பிளாஸ்மிட் இல்லாதவையும் வளரத் தொடங்கும். விதைக் கலனின் (முதலில் வளர்த்த சிறு வளர்ப்பின்) பழைய திரவத்தைச் சுழற்றிக் கொட்டிவிட்டுச் செல்லை மட்டும் சேருங்கள். ஆம்பிசிலினைவிடக் கார்பெனிசிலின் இன்னும் தாங்கும். கானமைசின் எதிர்ப்புள்ள பெட்28ஏ-க்கு மாறுவது என் முதல் தேர்வு.

மருந்தே கூடாது என்றால் செர் தளத்தைச் செருகலாம்; 300 பேஸ் ஜோடிக்கும் குறைவுதான். அல்லது ரெக்ஏ இல்லாத பிஎல்ஆர்(டிஇ3)-க்கு மாற்றுங்கள். ஒன்று கவனம்: ரெக்ஏ இல்லாத ரகத்துக்குள் இரட்டை வளையம் போனால் இரட்டையாகவே தங்கிவிடும். மாற்றும் முன் வெட்டாத பிளாஸ்மிட்டை ஜெல்லில் ஓட்டி, ஒற்றை வளையம் உள்ள காலனியாகப் பார்த்து எடுங்கள்.