பொதுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதற்காகப் பொதுத் தோட்டம் போட்டிருக்கிறோம். வகுப்பு வாரம் ஒருநாள். அன்றே பறித்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கிறோம். கீரை ஒரே நாளில் குவிகிறது, பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. வெண்டைக்காயோ பாதிக்கு மேல் முற்றல். எங்கே தவறு?

பதில்: இரண்டும் வெவ்வேறு தவறுகள். கீரையில் தவறு விதைப்பில். பாத்தி முழுவதும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில்தான் அறுவடைக்கு வரும். 4 அடி அகலம், 12 அடி நீளப் பாத்தியை மும்மூன்று அடியாக நான்கு துண்டாக்குங்கள். வாரம் ஒரு துண்டில் மட்டும் விதையுங்கள். முளைக்கீரை 25 முதல் 30 நாளில் பிடுங்கத் தயாராகும். நான்காவது துண்டு விதைத்த மறுவாரத்திலிருந்து வாராவாரம் ஒரு துண்டு கைக்கு வரும். பிடுங்கிய இடத்தில் ஒரு கூடை மட்கு உரம் கலந்து அன்றே மறுபடி விதைத்துவிட வேண்டும். துண்டுக்கு அரை டீஸ்பூன் விதை போதும். இரண்டு கைப்பிடி காய்ந்த மணலில் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. மேலே மண் தெரிந்தும் தெரியாமலும் மூடினால் போதும், ஆழமாகப் போனால் முளைக்காது. பூவாளியால்தான் நீர் விட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

வெண்டையில் தவறு பறிப்பில். பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் பதமாகிவிடும். அதற்குப் பிறகு நார் பிடிக்கும். வாரம் ஒருமுறை பறித்தால் முற்றல்தான் மிஞ்சும். முற்றிய காயைச் செடியில் விட்டால் அதன் சத்து விதைக்குப் போகிறது, புதுப் பூ குறைகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். வகுப்பில்லாத நாட்களின் பறிப்பை அக்கம்பக்கத்தாரிடமே முறைவைத்து ஒப்படையுங்கள். பறிப்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கூடையில் வைக்கட்டும். காயைக் கொடுப்பதைவிட முறையைக் கொடுப்பதுதான் நல்ல பகிர்வு என்பது எங்கள் கருத்து. அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான்: நுனியை விரலால் வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் முற்றல். அதையும் செடியில் விடாமல் காம்போடு வெட்டி மட்குக் குழியில் போடலாம். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுத்தால் கிளை முறியும். சுணை அரிக்கும் என்பதால் பிள்ளைகளுக்குக் கையுறை தேவை.

கேள்வி: ஆட்கள் வந்து வாங்குவதற்குள் கீரை வாடிவிடுகிறதே?

பதில்: வெயில் ஏறுமுன் பிடுங்குங்கள். வேர் மண்ணை உதறி, வேர் மட்டும் நனைய இரண்டு அங்குலத் தண்ணீரில் நிழலில் நிறுத்துங்கள். இலையை நனைத்துக் கட்டாகக் கட்டினால் நடுவில் புழுங்கி அழுகும். வெண்டையை நனைக்கவே வேண்டாம்.

கேள்வி: மட்குக் குழி நாறுகிறது. பக்கத்து வீட்டார் வருத்தப்படுகிறார்கள்.

பதில்: ஈரம் அதிகம், காற்றில்லை. ஒரு கூடை காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலை போட்டுக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் இன்னும் இலை சேருங்கள். கிளறியபின் மேலே ஒரு சாண் காய்ந்த இலை மூடியிருக்கட்டும், ஈயும் வராது. அதில் பச்சைச் சாணம் சேர்ப்பதாக இருந்தால் நன்றாக மட்கிய பிறகே பாத்திக்குப் போக வேண்டும். மட்காத சாணத்தை நேராக மண்ணில் கலந்தால், மண்ணைத் தொட்டு வளரும் கீரையை அறுக்க 120 நாளாவது இடைவெளி வேண்டும். அதில் நோய்க்கிருமி இருக்கலாம். பிள்ளைகளும் பல வீட்டாரும் சாப்பிடும் தோட்டத்தில் இதில் சலுகை கூடாது.