அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?

கேள்வி: 71 வயது அப்பாவுக்கு மூன்று அடைப்பு. இதயத்தின் பம்பிங் 25 சதவீதம்தான், கிட்னி கோளாறைக் காட்டும் கிரியாட்டினினும் அதிகம். பைபாஸுக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் "ரிஸ்க் அதிகம், செய்ய முடியாது" என்றார்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார். சர்ஜன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அப்பாவைக் கைவிட்டார். எங்களிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. வழக்குப் போடலாமா ஐயா?

பதில்: முகம் கொடுத்துப் பேசாதது வழக்காகாது. பெயருக்காக மறுத்தார் என்பதை நிரூபிக்கவும் முடியாது. இரண்டையும் விடுங்கள். அந்த நிலையில் இன்னொரு தகுதியான சர்ஜனும் மறுத்திருக்கக்கூடும் என்றால் மறுத்தது கவனக்குறைவு ஆகாது. மருத்துவக் கவனக்குறைவு பற்றிய ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கிட்டத்தட்ட இதுதான். 25 சதவீத பம்பிங், கிட்னி கோளாறு என்றதுமே அவர்களுக்குச் சாட்சி சொல்ல டாக்டர்கள் கிடைத்துவிடுவார்கள்.

எப்படி அனுப்பினார்கள் என்பதுதான் கேள்வி. போதிய முன்னறிவிப்பு இல்லாமல் மருத்துவர் பாதியில் விலகக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உயிர் ஊசலாடும் நேரத்தில், ஏற்கும் மருத்துவமனையிடம் பேசாமல் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு.

ஆனால் என்னிடம் வந்த பலர் சறுக்கிய இடமும் அதுதான். கிளம்பும் அவசரத்தில் "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். ஸ்ட்ரெச்சரில் அப்பா கிடக்க, எந்த மகன் படித்துப் பார்ப்பான்? "மருத்துவ ஆலோசனையை மீறி, எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்" என்று அதில் இருக்கும். கையெழுத்து உங்களுடையது. "நாங்கள் அனுப்பவில்லை, அவர்களே போனார்கள்" என்று பதில் மனு வரும். மிரட்டி வாங்கினார்கள் என்று இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) முழுவதையும் எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும். அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். ஆத்திரத்தில் அங்கே போய்ச் சத்தம் போடவும் வேண்டாம், 2008ஆம் ஆண்டு மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உங்கள் மீது புகார் வரும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடக் கெடு.

கையெழுத்தும் இருந்து, ரிஸ்க்கை விளக்கிய குறிப்பும் கேஸ் ஷீட்டில் இருந்தால் வழக்கு வேண்டாம். நடக்காத ஆபரேஷனுக்குக் கட்டிய பணத்தையும் பில்லில் ஒரு பகுதியையும் திருப்பிக் கேட்டு, எழுத்தில் சமரசம் செய்துகொள்ளுங்கள். அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அந்த ஒன்பது நாளையும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.