மூக்கோரப் புற்றுக்குக் ‘கரண்ட்’ வைத்தால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. மூக்கோரம் ஆறாமல் இருந்த கறுப்புப் புண்ணில் சதை எடுத்துப் பரிசோதித்ததில் ‘பேசல் செல் கார்சினோமா’ என்று முடிவு வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை என்றாலே பயப்படுகிறார். கதிர்வீச்சு (‘கரண்ட்’) மட்டும் போதுமா? மறுபடியும் வருமா?

பதில்: இது மெதுவாக வளரும் தோல் புற்று. வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் மூக்கின் குருத்தெலும்பையே அரித்துவிடும். யோசிக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

கட்டி சிறியதாக இருந்தால், கதிர்வீச்சு பெற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு அது அதே இடத்தில் திரும்புவதில்லை. அறுவை சிகிச்சை இதைவிடவும் ஒரு படி மேல். முகத்தில் 4 செ.மீ.க்குக் குறைவான இதே கட்டி உள்ள 347 பேரிடம் பிரான்சில் நடந்த ஆய்வு 1997இல் வெளியானது. நான்கு ஆண்டுகளில் கட்டி நீங்காமல் இருந்ததோ திரும்ப வந்ததோ அறுவையில் 0.7 சதவீதம், கதிர்வீச்சில் 7.5 சதவீதம். அன்றைய கதிர்வீச்சுக் கருவிகள் இன்றைக்குப் பழையவைதான். இருந்தாலும் முகத்தோற்றத்திலும் அறுவையே முந்தியது! கத்தி பட்டால் முகம் கெடும், ‘கரண்ட்’ வைத்தால் கெடாது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். கதிர் பட்ட தோல் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறி மெலியும்.

அதனால் முதலில் அம்மாவிடம் எதற்குப் பயம் என்று கேளுங்கள். மயக்க மருந்துக்கு என்றால், சிறிய கட்டியை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே அகற்றலாம். மூக்கின் பெரும்பகுதி போய்விடும் என்ற நிலை இருந்தாலோ, இதயநோய் போன்றவை தடுத்தாலோ கதிர்வீச்சைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள்.

சிகிச்சை நேரத்தில் வலி இருக்காது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம் வரை போய்வர வேண்டும். மிகவும் தளர்ந்தவர்களுக்குக் குறைந்த தவணைகளிலும் கொடுப்பார்கள். நாட்கள் போகப்போக அந்த இடம் சிவந்து, பொருக்குத் தட்டும். முடிந்தபின் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பொருக்கை உரிக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் பொதுவாக இரண்டாவது முறை கதிர்வீச்சு கொடுக்க மாட்டார்கள். கட்டி திரும்பினால் அறுவைதான், அப்போது காயம் ஆறுவதும் தாமதமாகும். இளம் வயதினருக்கு நாங்கள் கதிர்வீச்சை முதலில் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 78 வயதில் அந்தக் கவலை அவ்வளவு பெரிதல்ல.

அறிக்கையில் ‘ஸ்குவாமஸ்’ என்ற சொல் இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அது வேறு வகைத் தோல் புற்று, கழுத்து நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவக்கூடியது. அறுவைக்குப் பிறகும் சிலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். அறிக்கையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.