முதல் நாள் செய்தியும் நம் கருத்தும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தில் வரும் அறிவியல் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் அறிவியலைப் பாடமாகப் படித்தவன் அல்லன். ஆனாலும் அறிவியல், தொழில்நுட்பச் செய்தி எது வந்தாலும் ஆர்வத்தோடு படிப்பேன்; நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசுவேன். 2023இல் அறை வெப்பநிலையில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, இனி உலகமே மாறிவிடும் என்று நண்பர்கள் குழுவில் நீளமாக எழுதினேன். சில வாரங்களில் அது பொய்த்துப்போனது. அன்றிலிருந்து இத்தகைய செய்திகளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. “துறை அறிஞர்கள் பேச வேண்டிய விஷயத்தில் நமக்கென்ன வேலை?” என்கிறார் ஒரு நண்பர். “இன்று ஒன்று சொல்வார்கள், நாளை மாற்றிச் சொல்வார்கள், எதையும் நம்பாதே” என்கிறார் இன்னொருவர். இப்போது, பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட காலம் பிடிக்கும் கணக்கை ஒரு குவாண்டம் கணினி ஐந்து நிமிடங்களில் முடித்ததாகப் படிக்கிறேன். இவற்றைப் பற்றியெல்லாம் என்னைப் போன்றவர்கள் கருத்து வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

அன்புடன்,
தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கருத்து வைத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லவும் செய்யலாம். நீங்கள் அன்று மகிழ்ந்து எழுதியதில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. அதன் பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. “சில வாரங்களில் அது பொய்த்துப்போனது” என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தச் சில வாரங்களில் நடந்ததே அந்தச் செய்தியின் மிகச் சிறந்த பகுதி என்பது என் எண்ணம். அதை நீங்கள் படிக்காமல் விட்டிருந்தால், இப்போதாவது படித்துவிட வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2023 ஜூலை 22 அன்று, தென்கொரியாவின் சியோல் நகரைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்றின் கட்டுரைகள் ஆர்க்கைவ் தளத்தில் வெளியாயின. சக அறிஞர்களின் மதிப்பாய்வுக்கு முன்பே ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவேற்ற இடமளிக்கும் தளம் அது. ஈயம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் ஆகியவற்றோடு சிறிது செம்பும் சேர்ந்த எல்கே-99 என்னும் பொருள், வழக்கமான காற்றழுத்தத்தில் 127 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் மீக்கடத்தியாக இருக்கிறது என்பது அவர்களுடைய கூற்று. மின்தடை சிறிதும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் மீக்கடத்தி. இன்று மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ கருவிகளில் உள்ள மீக்கடத்திக் காந்தங்களைத் திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கூற்று எவ்வளவு பெரியது என்பது விளங்கும். நீங்கள் துள்ளிக் குதித்ததில் வியப்பே இல்லை.

அக்குழுவினர் காட்டிய சான்றுகளில் இரண்டு எல்லோர் கவனத்தையும் ஈர்த்தன. முதலாவது, 104.8 டிகிரியில் அப்பொருளின் மின்தடை பத்தில் ஒரு பங்காகச் சட்டென்று குறைந்தது. இரண்டாவது, மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும் என்பதற்கேற்ப, காந்தத்தின் மேல் வைத்த ஒரு சிறு சில்லு, ஒரு விளிம்பு மட்டும் காந்தத்தைத் தொட்டிருக்க, மறுபுறம் அந்தரத்தில் எழுந்து நின்ற காணொளி. உலகம் முழுவதும் பகிரப்பட்டது அந்தக் காணொளிதான். ஆனால் அச்செய்தியின் உயிர்நிலை முதல் சான்றில் இருந்த அந்த எண்ணில்தான் இருந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். எல்கே-99 தயாரிக்கும்போது உடன்விளைவாக, செம்பும் கந்தகமும் சேர்ந்த செம்பு சல்பைடு உருவாகிறது. அது தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் ஏறத்தாழ 104 டிகிரிதான். அந்த மாற்றத்தின்போது அதன் மின்தடையும் வெகுவாக மாறும். அப்படியானால் அளக்கப்பட்டது எல்கே-99இன் இயல்பா, அதில் கலந்திருந்த மாசின் இயல்பா என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர், கந்தகம் கலக்காத வழியில் அதே பொருளின் தூய படிகங்களை வளர்த்துப் பார்த்தனர். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருந்த அந்தப் படிகங்களின் மின்தடை பல பத்து இலட்சம் ஓம். மீக்கடத்தி என்று சொல்லப்பட்டது, தூய வடிவில் மின்சாரத்தையே கடத்தாத காப்பானாக இருந்தது! தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உள்ளிட்ட பல ஆய்வகங்கள் ஏற்கெனவே அதைத் தயாரித்துப் பார்த்து, மீக்கடத்தும் தன்மை தென்படவில்லை என்று அறிவித்திருந்தன. சில்லு பாதி எழுந்து நின்றதற்கும் சாதாரணக் காந்தத்தன்மையே போதும் என்பது தெளிவாயிற்று.

இவை அனைத்தும் நாலைந்து வாரங்களுக்குள் நடந்தேறின. ஒரு மாசுப்பொருளைப் பற்றிய அடக்கமான அறிவு, உலகையே ஆட்டிய ஒரு கூற்றை நிறுத்திவைத்தது. எனக்கு இதைவிட மனநிறைவு தந்த அறிவியல் செய்தி அண்மைக் காலத்தில் குறைவு. முதல் நாளில் நீங்கள் எழுதியதை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் வாரத்திலும் அதே குழுவில், அதே உற்சாகத்தோடு, செம்பு சல்பைடைப் பற்றி எழுதியிருக்கலாம் என்றுதான் சொல்வேன். நம்மில் பலரும் செய்தியின் முதல் நாளில் கருத்துச் சொல்லிவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அவசரமாகக் கருத்துச் சொல்வதைவிட இப்படிப் பாதியில் எழுந்து போவதையே நான் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

“நாளை மாற்றிச் சொல்வார்கள்” என்னும் உங்கள் நண்பருக்கும் இதே பதில்தான் என்றாலும், அவருக்கு இன்னொரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கி 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது. அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு ஜனவரி இறுதியில் நூறில் ஒன்றைத் தாண்டியது. பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காட்டை எட்டியது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழச் சுழியாகிவிட்டது. பயமுறுத்திவிட்டுப் பின்வாங்கினார்கள் என்று அப்போது பலர் எழுதினர். நடந்தது அதுவன்று. ஒரு சிறுகோளைச் சில வாரங்களே கண்காணித்திருக்கும்போது, எட்டு ஆண்டுகளுக்குப் பின் அது எங்கே இருக்கும் என்பதை ஒரு புள்ளியாகச் சொல்ல முடியாது; இந்த நீண்ட கோட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கோட்டின் மேல் பூமியும் இருந்தது. மேலும் மேலும் அவதானிக்கும்போது கோடு சுருங்கும். சுருங்கிய கோட்டுக்குள்ளும் பூமி இருக்கும் வரை, அதன் நீளத்தில் பூமி அடைத்துக்கொள்ளும் பங்கு கூடிக்கொண்டே போகும். ஆகவே நிகழ்தகவும் ஏறும். கோட்டின் முனை பூமியைக் கடந்து உள்ளே சுருங்கிய கணத்தில் அது மளமளவென்று இறங்கிவிடும். பூமியில் மோதாத ஒரு சிறுகோளுக்கும் எண் முதலில் ஏறிப் பின்னர் இறங்குவது, கணக்கு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கே அடையாளம். மாற்றிச் சொன்னார்கள் என்று உங்கள் நண்பர் குறைபட்டுக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொரு நாளும் அன்றைக்குத் தெரிந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதையே நான் காண்கிறேன். ஒருமுறை சொன்னதையே விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இனி, துறை அறிஞர்கள் மட்டுமே பேச வேண்டும் என்ற கருத்து. அறிஞரின் சொல்லுக்கு நம் சொல்லைவிட எடை கூடுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எடை அவர் ஆராய்ந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரும், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான ஜெஃப்ரி ஹிண்டன், 2016இல் ஒரு மேடையில், எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியல் மருத்துவர்களுக்குப் பயிற்சியளிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளுக்குள் கணினி அவர்களைவிடச் சிறப்பாகச் செய்யும் என்று கூறினார். ஐந்தாண்டுகள் கடந்த பின்னும் அம்மருத்துவர்களுக்குப் பல நாடுகளில் பற்றாக்குறையே நிலவுகிறது. கணினி படங்களை எவ்வாறு கற்கும் என்பதை அவரைவிட அறிந்தவர்கள் சிலரே. ஆனால் ஒரு கதிரியல் மருத்துவர் படம் பார்ப்பதோடு வேறு என்னென்ன செய்கிறார் என்பது அவருடைய துறையன்று. தாம் மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாகவும், படங்களைப் படித்தறிவதை மட்டுமே கருதியதாகவும், காலக் கணிப்பில் தவறியதாகவும் பின்னர் அவரே விளக்கினார். அந்த விளக்கத்துக்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடவே செய்தது. அறிஞரும் தம் எல்லைக்கு வெளியே காலெடுத்து வைக்கும்போது நம்மைப் போல் ஒரு வாசகர்தாம்.

வாசகனாக நான் பின்பற்றும் வழக்கம் எளியது. எதை அளந்தார்கள் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வேன். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில், சிறு அணுக்கருக்களை ஒன்றுசேர்க்கும் அணுக்கரு இணைவின் மூலம், செலவிட்ட ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றல் கிடைத்தது என்று அறிவித்தார்கள். எரிபொருள் கொண்ட சிறு இலக்கின் மீது லேசர் கதிர்கள் பாய்ச்சிய ஆற்றல் 2.05 மெகாஜூல், வெளிவந்தது 3.15 மெகாஜூல். அந்த லேசர்களை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். மின்சாரப் பஞ்சம் தீர்ந்தது என்றவர்களும் தவறினார்கள். எல்லாம் ஏமாற்று என்றவர்களும் தவறினார்கள். இலக்கைத் தொட்ட ஆற்றலைவிட மிகுதியாக ஆய்வகத்தில் ஓர் இணைவு வினை ஆற்றல் தந்தது அதுவே முதல் முறை, அதைக் கொண்டாடலாம். வீட்டு விளக்குக்கும் அதற்கும் நடுவே உள்ள தொலைவையும் அதே மூச்சில் சொல்லலாம். இதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. செய்தியின் தலைப்பைத் தாண்டி நாலைந்து பத்திகள் பொறுமையாகப் படித்தால் போதும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்டுபிடிப்பு உண்மையா என்பதை ஆய்வகம் தீர்மானிக்கட்டும். அது யாருக்காகப் பயன்பட வேண்டும், அதற்குப் பொதுப்பணம் எவ்வளவு செலவிடலாம், அதனால் யாருடைய வேலை போகும் என்பவை எந்த ஆய்வகத்துக்கும் தனியுரிமையான கேள்விகள் அல்ல. உங்களைப் போன்றவர்கள் பேசாமல் ஒதுங்கினால், அக்கேள்விகளுக்கு விற்பவர்களே விடையும் சொல்லிவிடுவார்கள்.

குவாண்டம் கணினிச் செய்திக்கு வருவோம். 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளான கியூபிட்டுகள் 105 கொண்ட வில்லோ என்ற கணினிச் சில்லை அறிமுகப்படுத்தியது. இன்றைய அதிவேகக் கணினிக்கு 1க்குப் பின் 25 சுழிகள் இட்ட எண்ணிக்கையிலான ஆண்டுகள் பிடிக்கும் கணக்கை அது ஐந்து நிமிடங்களுக்குள் முடித்தது என்றார்கள். அந்தக் கணக்கு, குவாண்டம் சில்லுக்கு எளிதாகவும் சாதாரணக் கணினிக்குக் கடினமாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சோதனை. அன்றாடப் பயன் எதுவும் அதற்கு இல்லை. அத்தகைய ஒப்பீடுகள் நிலையாக நிற்பதும் இல்லை. 2019இல் அதே நிறுவனம் தன் முந்தைய சில்லு 200 விநாடிகளில் செய்ததை அதிவேகக் கணினி செய்ய 10,000 ஆண்டுகள் ஆகும் என்றது. இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. 2022இல் சீன ஆய்வாளர்கள் 512 கிராஃபிக்ஸ் செயலிகளைக் கொண்டு ஏறத்தாழ 15 மணி நேரத்தில் அதைச் செய்து காட்டினார்கள். ஆகவே அந்த 25 சுழிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பெரிதாக எடுத்துக்கொண்டது, தலைப்புகளில் அதிகம் இடம்பெறாத வேறொன்று. கியூபிட்டுகள் எளிதில் பிழைபடுபவை. பல கியூபிட்டுகளை ஒரு சதுரமாகச் சேர்த்து ஒன்றின் பிழையை மற்றவை திருத்தும்படி செய்யலாம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் கியூபிட்டுகளைக் கூட்டினால் பிழை புகும் இடங்களும் கூடிவிடும். வில்லோவில் 3க்கு 3 என்ற சதுரத்தை 5க்கு 5 ஆகவும், பிறகு 7க்கு 7 ஆகவும் பெரிதாக்கியபோது, ஒவ்வொரு படியிலும் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதை நான் உண்மையான முன்னேற்றம் என்று நம்புகிறேன். அதே நேரம், தகவல்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்க இணையத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை உடைக்க ஏறத்தாழப் பத்து இலட்சம் கியூபிட்டுகள் வேண்டும் என்று 2025இல் கூகுளின் ஆய்வாளர் ஒருவரே மதிப்பிட்டிருக்கிறார். 2019இல் அவர் பங்கேற்ற மதிப்பீடு இரண்டு கோடி. எனவே வங்கிக் கணக்குகள் நாளையே திறந்துகொள்ளும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. இரண்டு கோடி பத்து இலட்சமாகக் குறைந்த வேகத்தைப் பார்க்கும்போது, புதிய குறியாக்க முறைகளுக்கு மாறும் வேலையைத் தள்ளிப்போடவும் இடமில்லை. இன்றைய நிலையில் என் கருத்து இது. இன்னும் பெரிய சதுரங்களிலும் பிழை அதே விகிதத்தில் குறைகிறதா என்பதைத்தான் நான் அடுத்துத் தேடிப் படிக்கப்போகிறேன். குறையவில்லை என்றால் மேலே எழுதியதை மாற்றி எழுதுவேன். நீங்கள் உங்கள் நண்பர்கள் குழுவில் இதைப் பற்றி எழுதும்போது எனக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்.